வெளி அடுப்பில் பலகாரச் சூடு: எண்ணெயும் எரிவாயுவும் பற்றிய வாசகர் கேள்விகள்

வீட்டுக்கு வெளியே எரிவாயு அடுப்பு வைத்துப் பொரிப்பது பற்றி இம்முறை பல கடிதங்கள் வந்திருக்கின்றன. திருமண வீடு, கோவில் அன்னதானம், நத்தார் விருந்து எனச் சந்தர்ப்பங்கள் வேறுபட்டாலும், எழுதியவர்களில் பெரும்பாலோர் வெளியிடம் என்றால் ஆபத்துக் குறைவு என்று நம்புகிறார்கள். அந்த நம்பிக்கை எனக்குக் கவலை தருவதால், இம்மாதப் பகுதி முழுவதையும் இக்கேள்விகளுக்கே ஒதுக்குகிறேன்.

ஐயா, தை மாதத்தில் என் மகளுக்குத் திருமணம். வீட்டுக்குள் பலகாரம் சுட இடமில்லை. எங்கள் தொடர்மாடியின் கீழ்த்தள வாகனத் தரிப்பிடத்தில் பலகாரச் சூட்டை வைத்துக்கொள்ள அனுமதி கிடைத்துள்ளது. பெரிய எரிவாயு அடுப்பு ஒன்றை இரவலாகப் பெற்றிருக்கிறோம். "வெளியில்தானே, பயப்பட ஒன்றுமில்லை" என்கிறார் என் தம்பி. எவற்றைக் கவனிக்க வேண்டும்?
— வாசகி, வெள்ளவத்தை

மகளின் திருமணம் சிறப்புற நடைபெற வாழ்த்துகிறேன், அம்மா. உங்கள் தம்பியின் கருத்தை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. மேலே கூரையும் மூன்று பக்கம் சுவரும் உள்ள வாகனத் தரிப்பிடம் வெளியிடமாகாது. சமையல் எரிவாயுவில் உள்ள புரொப்பேன், பியூட்டேன் இரண்டும் காற்றைவிட ஏறக்குறைய ஒன்றரை முதல் இரண்டு மடங்கு பாரமானவை. கசிந்தால் அவை மேலெழுந்து கலைந்து போவதில்லை. நிலத்தோடு பரவிப் பள்ளங்களிலும் வடிகான்களிலும் தேங்கும். தரைமட்டத்துக்குக் கீழே இறங்கும் தரிப்பிடமாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம். பக்கத்தில் பெற்றோல் நிறைந்த வாகனங்கள் நிற்கின்றன. யாராவது ஒருவர் தம் வண்டியை இயக்கினாலே ஒரு தீப்பொறிக்கு வழி உண்டு. ஆகவே அந்த இடம் வேண்டாம். கட்டடத்தின் பின்புறத்தில் வானம் தெரியும் முற்றம் இருந்தால் அங்கே வையுங்கள்; சுவர், வாகனம், பந்தல் துணி ஆகிய எல்லாவற்றிலிருந்தும் குறைந்தது 3 மீற்றராவது விலகியிருக்க வேண்டும். அவ்வளவு இடம் கிடைக்காவிட்டால், திருமண மண்டபத்தின் சமையற்கட்டை ஒரு நாள் முன்னதாகக் கேட்டுப் பாருங்கள். பலகாரம் எங்கே சுட்டாலும் இனிக்கும்.

அடுத்தது அடுப்பு. இரவல் வாங்கிய அடுப்பு அநேகமாக உயர் அழுத்த ரெகுலேட்டரில் இயங்கும் வகையாக இருக்கும். வீட்டு அடுப்பின் ரெகுலேட்டரையும் குழாயையும் அதற்குப் பொருத்தக் கூடாது. அதன் ரெகுலேட்டரை வீட்டு அடுப்புக்குப் பொருத்துவது அதைவிடக் கூடாது. அடுப்போடு வரவேண்டிய ரெகுலேட்டர், குழாய், கிளிப் மூன்றையும் சேர்த்தே கேட்டு வாங்குங்கள். குழாயை விரல்களுக்கிடையில் வளைத்துப் பாருங்கள். வளைவில் மெல்லிய வெடிப்புக் கோடுகள் தெரிந்தாலோ, முனை இளகிப் பிசுபிசுத்தாலோ, புதிய குழாய் வாங்கிய பின்புதான் வேலை. பொருத்திய பிறகு, சவர்க்காரத்தைத் தண்ணீரில் கரைத்து ஒவ்வொரு இணைப்பிலும் தடவி, அடுப்பின் திருகை மூடியபடி சிலிண்டரைத் திறவுங்கள். குமிழி எழும் இடம் கசியும் இடம். தீக்குச்சியைக் கொளுத்திக் கசிவு பார்க்கும் பழக்கம் இன்னமும் சிலரிடம் இருக்கிறது; அதை யார் செய்தாலும் தடுத்து நிறுத்துங்கள். 2021 நவம்பர், டிசம்பர் மாதங்களில் நாட்டின் பல பகுதிகளில் எரிவாயு வெடிப்புகள் அடுத்தடுத்து நிகழ்ந்து, ஜனாதிபதி விசாரணைக் குழு அமைக்கும் நிலை வந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். அந்த நாட்களில் எல்லோரும் சவர்க்கார நீரைக் கையில் எடுத்தோம். அந்தக் கவனம் இப்போதும் வேண்டும்.

தாச்சி அடுப்பில் எப்படி உட்காருகிறது என்பதை எண்ணெய் ஊற்றிய பிறகு சோதிக்க முடியாது. முதல் நாளே அரைவாசிக்குத் தண்ணீர் நிரப்பி, அடுப்பின் மேல் வைத்து, கைப்பிடியை மெல்லத் தள்ளிப் பாருங்கள். தாச்சி சாய்ந்து நீர் விளிம்பை நோக்கி ஏறினால், அந்த அடுப்பின் வளையம் அதற்குப் பொருந்தவில்லை. சீமெந்துத் தரையில் மூன்று கால்களும் ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும். ஒரு காலுக்குக் கீழே ஓட்டுத்துண்டை முட்டுக் கொடுப்பது பலகாரச் சூட்டுக்கு ஏற்ற வழியல்ல. சோதனை முடிந்ததும் தாச்சியைத் துடைத்து, வெயிலில் நன்றாகக் காய வைத்துவிடுங்கள்.

வெள்ளவத்தையில் பிற்பகலானால் கடற்காற்று எழும். காற்றில் சாயும் சுவாலை தாச்சியின் ஒரு பக்கத்தை மட்டும் காய்ச்சும்; சில வேளை வெளியே நீண்டு குழாயை நக்கும். காற்று வரும் பக்கத்தில் சிலிண்டரையும், எதிர்ப்பக்கத்தில் அடுப்பையும் வைத்தால் சுவாலை சிலிண்டரை விட்டு விலகியே சாயும். குழாய் அடுப்புக்கு அடியால் போகக் கூடாது. ஆட்கள் நடக்கும் வழியில் குறுக்கே கிடக்கவும் கூடாது. காற்றுக்குத் தகரம் மறைப்பவர்கள், சிலிண்டரையும் சேர்த்து மறைப்புக்குள் அடைத்துவிடுகிறார்கள். தகரத்தில் பட்டுத் திரும்பும் வெப்பம் முழுவதும் அப்போது சிலிண்டரில்தான் விழும். முடிந்தால் காலையிலேயே தொடங்கி, காற்று எழுமுன் முடித்துவிடுங்கள்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். உறவுப் பெண்கள் ஒவ்வொருவராக வந்து முதற் பலகாரத்தை எண்ணெயில் இடும் வழக்கம் உங்கள் வீட்டில் இருக்குமானால், பட்டுச் சேலையோடும் தளர்ந்த முந்தானையோடும் அவர்கள் அடுப்பை நெருங்குவார்கள். பின்னால் நின்று படம் எடுப்பவர்கள் இன்னும் நெருங்கச் சொல்வார்கள். அந்தச் சடங்கு நேரத்தில் சுவாலையைத் தணித்து, பலகாரத்தை நீண்ட காம்புள்ள துளைக்கரண்டியில் வைத்து இறக்கச் செய்யுங்கள். மேலிருந்து போட்டால் எண்ணெய் தெறிக்கும். முந்தானையை இடுப்பில் செருகாமல் எவரும் அடுப்பருகே வரவேண்டாம். சடங்கு முடிந்ததும் அடுப்பை ஒருவரிடம் ஒப்படைத்துவிடுங்கள். அவர் எழுந்து போக வேண்டுமானால் இன்னொருவர் வந்து அமர்ந்த பிறகே எழ வேண்டும். அப்படி யாரும் இல்லையென்றால் அடுப்பை அணைத்துவிட்டுப் போகலாம். சிறுவர்கள் ஓடி விளையாடும் வீடு என்பதால், அடுப்பைச் சுற்றிக் கதிரைகளை வரிசையாகப் போட்டு ஓர் எல்லை அமைப்பது நல்லது.

எண்ணெய் பதமாகக் காய்ந்துவிட்டதா என்பதைப் புகை வருவதை வைத்துப் பார்ப்பது சரியா? நான் தேங்காய் எண்ணெயில்தான் பொரிக்கிறேன்.
— வாசகர், மட்டக்குளி

சரியல்ல. புகை எழும்போது பதம் கடந்துவிட்டது. வடை, முறுக்கு, பணியாரம் போன்றவை 160 முதல் 180 பாகை செல்சியஸுக்குள் நன்றாக வெந்துவிடும். சுத்திகரிக்காத தேங்காய் எண்ணெய் ஏறக்குறைய 175 பாகையிலேயே புகையத் தொடங்கும். சுத்திகரித்தது 200 பாகையைத் தாண்டியும் தாங்கும். அதாவது, நீங்கள் பொரிக்கும் சூட்டுக்கும் எண்ணெய் கெடத் தொடங்கும் சூட்டுக்கும் இடையே உள்ள தூரம் மிகக் குறுகியது. சூடு மேலும் ஏறி 350 பாகையை அண்மித்தால், சுவாலை படாமலே எண்ணெய் தானாகத் தீப்பற்றக்கூடும். வீட்டு அடுப்பில் அந்த நிலையை அடையச் சற்று நேரம் எடுக்கும்; உயர் அழுத்த அடுப்பில், நாம் எதிர்பாராத வேகத்தில் அது நிகழ்ந்துவிடும்.

உணவு வெப்பமானி ஒன்றை வாங்கிக்கொள்வதே என் பரிந்துரை. அது இல்லாதபோது, கடுகளவு மாவை எண்ணெயில் விட்டுப் பாருங்கள். அடியிலேயே கிடந்து சோம்பலாகக் குமிழிவிட்டால் இன்னும் காயவில்லை. உள்ளே போய், ஒரு கணம் நின்று, சுற்றிலும் சிறு குமிழிகளுடன் மேலே வந்தால் பதம் சரி. விழுந்த உடனே மேலே பாய்ந்து கருகினால் சூடு அதிகம். எண்ணெயின் மேற்பரப்பில் மெல்லிய அலைகள் நெளிவதையும் கவனியுங்கள். அதற்குப் பின் ஓரத்திலிருந்து நூல்போல் நீலப்புகை கிளம்பினால், உடனே சுவாலையை அணைத்து ஆறவிட வேண்டும். குளிர்ந்த எண்ணெயை மேலே ஊற்றிச் சூட்டைத் தணிக்கப் பலர் முயல்கிறார்கள். தாச்சி நிரம்பி விளிம்பை நெருங்கும் என்பதால் அதை நான் விரும்புவதில்லை.

அரியதரம் சுடுபவர்களுக்கு ஒரு வார்த்தை: சீனி சேர்ந்த மாவு விரைவாகக் கருகும் என்பதால், அதை முறுக்கின் சூட்டில் போடாமல் சற்றுத் தணிந்த சூட்டில் இடுங்கள்.

நீண்ட நேரம் பொரிக்கும்போது சிலிண்டரின் கீழ்ப்பாதி வேர்த்து, பிறகு வெள்ளையாக உறைபனி படிகிறது, சுவாலையும் குறைகிறது. பக்கத்து வீட்டு அண்ணர் சுடுதண்ணீர் ஊற்றச் சொல்கிறார். செய்யலாமா?
— வாசகர், பம்பலப்பிட்டி

செய்ய வேண்டாம். சிலிண்டருக்குள் எரிவாயு திரவமாக இருக்கிறது. நாம் பயன்படுத்தும்போது அத்திரவம் ஆவியாகிறது. ஆவியாவதற்கு வேண்டிய வெப்பத்தைச் சுற்றியுள்ள உலோகத்திலிருந்தே எடுத்துக்கொள்கிறது. பெரிய அடுப்பு வேகமாக எரிவாயுவை இழுப்பதால் உலோகம் குளிர்ந்து, கொழும்பின் ஈரக்காற்று அதன்மேல் முதலில் வியர்வையாகவும் பிறகு பனியாகவும் படிகிறது. உள்ளே குளிர்ந்துவிட்ட திரவம் போதிய அளவு ஆவியாகாததால் சுவாலையும் தளர்கிறது. பனிக்கோடு நிற்கும் உயரம், உள்ளே எஞ்சியிருக்கும் திரவத்தின் மட்டத்தையும் ஏறக்குறையக் காட்டும்.

இந்த நிலையில் சுடுதண்ணீர் ஊற்றினால் உள்ளே அழுத்தம் சட்டென உயரும். எவ்வளவு உயரும் என்பது ஊற்றுபவருக்குத் தெரியாது. சுடுநீர்த் தொட்டியில் சிலிண்டரை இறக்கி வைப்பதும், அடுப்புக்கு அருகே நகர்த்திச் சூடேற்றுவதும் இதே தவறுதான். சிலிண்டரைப் படுக்க வைத்தால் திரவ எரிவாயு நேரடியாகக் குழாய்க்குள் புகுந்து, சுவாலை ஆளுயரத்துக்குச் சீறக்கூடும். அதையும் கண்டிருப்பவர்கள் உண்டு. சுவாலையைக் குறைத்து வேலையைச் சற்று ஆறுதலாகச் செய்யுங்கள். அல்லது அடுப்பை அணைத்துச் சிறிது நேரம் நிற்கவிடுங்கள். வீட்டு வகையான 12.5 கிலோ சிலிண்டரால் நாள் முழுதும் பெரிய அடுப்பை ஓட்ட முயல்வதே இப்பிரச்சினையின் காரணம். அண்ணரிடம் இதை எடுத்துச் சொல்லுங்கள், நல்லெண்ணத்தோடுதான் சொல்லியிருப்பார்.

கனடாவில் இருக்கும் எங்கள் பெரியப்பா வீட்டில் வான்கோழியை முழுதாக எண்ணெயில் இறக்கிப் பொரிக்கிறார்கள். நத்தாருக்கு நாங்களும் ஒரு முழுக்கோழியை அப்படிப் பொரிக்க விரும்புகிறோம். வெளி அடுப்பும் பெரிய பானையும் இருக்கின்றன.
— வாசகி, கொட்டாஞ்சேனை

முடியும். ஆனால் வட அமெரிக்காவின் தீயணைப்புத் துறைகள் ஒவ்வோர் ஆண்டும் எச்சரிக்கை விடுக்கும் சமையல் முறை இது என்பதை அறிந்துகொண்டு இறங்குங்கள். மகளே, இதில் விபத்து பெரும்பாலும் இரண்டு வழிகளில் வருகிறது: எண்ணெய் அளவுக்கு மீறி இருத்தல், கோழிக்குள் பனியோ நீரோ இருத்தல். ஒரு துளி நீர் கொதிக்கும் எண்ணெயின் அடியில் நீராவியாகும்போது ஏறக்குறைய 1,700 மடங்கு விரிகிறது. உறைந்த கோழியின் வயிற்றுக்குள் இருக்கும் ஒரு கைப்பிடி பனிக்கட்டி, பானையிலுள்ள எண்ணெய் முழுவதையும் நுரையாகப் பொங்கி வழியச் செய்யப் போதும். வழிந்த எண்ணெய் எரியும் பர்னரில் விழுகிறது. தீ அங்கிருந்துதான் தொடங்குகிறது.

அளவை முன்கூட்டியே நீரால் கண்டறியுங்கள். கோழியைப் பானையில் வைத்து, அது மூழ்கும்வரை தண்ணீர் ஊற்றுங்கள். பின் கோழியை வெளியே எடுத்து, தண்ணீர் நிற்கும் மட்டத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். எண்ணெய் ஊற்ற வேண்டியது அந்தக் குறிவரை மட்டுமே. கோழி உள்ளே இருக்கும்போது விளிம்புக்குக் கீழே 10 சென்டிமீற்றருக்குக் குறையாத இடைவெளி இருந்திருக்க வேண்டும். இல்லையென்றால் பானை சிறியது. கோழி உறைந்ததாக இருந்தால் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் ஒரு முழு நாளாவது வைத்து இளகவிடுங்கள். பின் உள்ளும் புறமும் தாளால் ஒற்றி, கழுத்துப் பக்கத்தைக் கீழாகப் பிடித்து வயிற்றிலுள்ள நீர் வடியும்வரை காத்திருங்கள். மசாலாவைக் குழம்பாகப் பூசாமல் உலர்ந்த தூளாகத் தேய்ப்பது நல்லது.

எண்ணெய் 175 பாகையை அடைந்ததும் பர்னரை முற்றாக அணைத்துவிட்டு, கோழியைக் கொக்கியில் மாட்டி மிக மெதுவாக இறக்குங்கள். பொங்கல் அடங்கிய பின்பே மறுபடி பற்றவைக்க வேண்டும். இறக்கும்போது அடுப்பு அணைந்திருந்தால், வழிந்தாலும் தீப்பற்ற வழியில்லை. இம்முறையில் இதைவிடப் பயனுள்ள பாதுகாப்பு எதையும் நான் அறியேன். வெளியே எடுக்கும்போதும் அவ்வாறே. தொடையின் தடித்த பகுதியில், எலும்பில் படாமல் வெப்பமானியைச் செருகிப் பாருங்கள். 74 பாகை காட்டினால் வெந்துவிட்டது. டிசம்பரில் மாலை மழை எந்த நேரமும் வரலாம். பந்தலுக்குக் கீழே அடுப்பை நகர்த்தும் எண்ணம் வேண்டாம், கொதிக்கும் பானையை எங்கேயும் நகர்த்தக் கூடாது. வானம் கறுத்திருந்தால் அன்று கோழியை அவணில் வைத்துவிடுங்கள்.

எங்கள் கோவிலின் அன்னதானத்துக்கு வடை சுட்டபோது எண்ணெய்ச்சட்டி தீப்பற்றியது. ஒருவர் வாளித் தண்ணீரோடு ஓடிவந்தார். பெரியவர் ஒருவர் அவரைத் தடுத்ததால் தப்பினோம். அந்த நேரத்தில் செய்ய வேண்டியது என்ன?
— வாசகர், தெஹிவளை

அந்தப் பெரியவர் அங்கிருந்த அத்தனை பேரையும் காப்பாற்றியிருக்கிறார். எண்ணெய்த் தீயில் ஊற்றப்படும் தண்ணீர் எண்ணெயை விடப் பாரமானது என்பதால் அடிக்குப் போகும். போன கணமே நீராவியாக வெடித்து, எரியும் எண்ணெயைத் துளித்துளியாக மேலே வீசும். ஒரு சட்டித் தீ அப்போது பந்தலைத் தொடும் தீத்தூணாகிவிடும்.

முதலில் எரிவாயுவை மூடுங்கள். அடுப்பின் திருகை எட்ட முடியாவிட்டால் சிலிண்டரின் ரெகுலேட்டரை மூடலாம். சிலிண்டரைச் சற்றுத் தள்ளி வைக்கச் சொல்வதன் காரணம் இதுவே. பின் சட்டியைவிட அகலமான உலோக மூடியை, உங்கள் முகத்துக்கும் தீக்கும் இடையே கேடயமாகப் பிடித்தபடி, உங்கள் பக்கத்திலிருந்து எதிர்ப்பக்கம் நோக்கிச் சறுக்கி மூடுங்கள். மூடியை ஏற்கெனவே தேர்ந்து, அடுப்பருகே, கைக்கெட்டும் இடத்தில் சாத்தி வைத்திருந்தால்தான் இது நடக்கும். மூடிய பின் எட்டிப் பார்க்கத் திறக்காதீர்கள். எண்ணெய் ஆறாத நிலையில் காற்றுப் பட்டால் மறுபடி பற்றிக்கொள்ளும். சட்டி முழுவதும் தொட்டுப் பார்க்கக்கூடிய அளவுக்குக் குளிர மணிக்கணக்கில் ஆகலாம்.

எரியும் சட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடுவது, தண்ணீர் சொட்டும் சாக்கை எறிவது, மா அள்ளி வீசுவது ஆகிய மூன்றும் உயிராபத்தானவை. மா காற்றில் பரவித் தானே எரியும். தீயணைப்புக் கருவி வாங்குவதாயின், சமையல் எண்ணெய்த் தீக்கென்றே உள்ள வெட் கெமிக்கல் வகையைக் கேளுங்கள். உலர் தூள் வகை சுவாலையை அமர்த்தினாலும் எண்ணெயைக் குளிர்விப்பதில்லை. தூளின் வேகத்தில் எண்ணெயும் தெறிக்கக்கூடும். தீ சட்டியைத் தாண்டிப் பந்தலையோ சுவரையோ பிடித்துவிட்டால், எல்லோரையும் வெளியேற்றி 110 இலக்கத்துக்கு அழையுங்கள்.

இன்னும் ஒன்று. அன்னதானத்தில் வடைமாவைத் தட்டும் கையை அடிக்கடி தண்ணீரில் நனைக்கிறோம். அந்தத் தண்ணீர்ப் பாத்திரம் அடுப்பை ஒட்டி இருக்கக் கூடாது. கையின் நீரை உதறிவிட்டு வடையை ஓரமாக நழுவ விடுங்கள். உளுந்து மா நீர்த்துப்போனால், அரிசிமா சிறிது சேர்த்து இறுக்கிய பின் சுடுங்கள்.

கொதி எண்ணெய் கையில் பட்டால் மஞ்சளா, தேங்காய் எண்ணெயா, பற்பசையா எது நல்லது?
— வாசகி, மருதானை

எதுவும் வேண்டாம். குழாய்த் தண்ணீரை 20 நிமிடங்கள் விடாமல் ஓடவிடுங்கள். பனிக்கட்டி வைக்கக் கூடாது; அது தோலை மேலும் கெடுக்கும். வீக்கம் வருமுன் மோதிரம், வளையல், கைக்கடிகாரம் அனைத்தையும் கழற்றிவிடுங்கள். எண்ணெய் ஊறிய துணியை அகற்றலாம். தோலோடு ஒட்டிக்கொண்டிருந்தால் பிய்க்காமல் அதன் மேலேயே தண்ணீர் விடுங்கள். கொப்புளத்தை உடைக்காதீர்கள். சுத்தமான, பஞ்சு உதிராத துணியால் அல்லது உணவு சுற்றும் மெல்லிய பிளாஸ்டிக் தாளால் தளர்வாக மூடி மருத்துவரிடம் செல்லுங்கள். முகம், கை, மூட்டு, மறைவிடம் ஆகியவற்றில் பட்டாலும், குழந்தைக்கோ முதியவருக்கோ பட்டாலும், சிறிய காயம் என்று வீட்டில் வைத்துப் பார்க்க வேண்டாம். 1990 இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் கட்டணமின்றி வரும். அது வரும்வரை தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கட்டும்.

பொரித்த எண்ணெயை எத்தனை முறை பயன்படுத்தலாம்?
— வாசகர், வத்தளை

எண்ணிக்கை சொல்ல இயலாது. எதைப் பொரித்தீர்கள், எவ்வளவு சூடாக்கினீர்கள் என்பதைப் பொறுத்தது. ஒவ்வொரு முறை காயும்போதும் எண்ணெய் சிதைந்து, அதன் புகையும் வெப்பநிலை இறங்கிக்கொண்டே போகும். ஆகவே பழைய எண்ணெய் உடலுக்குக் கேடு என்பதோடு, புதியதைவிட விரைவாகப் புகைந்து தீயையும் நெருங்கும். நிறம் கறுத்தாலும், குழம்புபோல் தடித்தாலும், உணவு இல்லாதபோதே நுரைத்தாலும், வழக்கமான சூட்டுக்கு முன்பே புகைந்தாலும் அதைக் கைவிடுங்கள். நல்ல நிலையில் இருந்தால், முற்றாக ஆறிய பின் துணியில் வடித்து, மூடிய போத்தலில் இருட்டில் வையுங்கள். வடிக்காமல் விட்ட மாத்தூள்தான் அடுத்த முறை முதலில் கருகுவது.

கைவிட்ட எண்ணெயை வடிகானில் ஊற்ற வேண்டாம். உள்ளே படிந்து இறுகிக் குழாயை அடைக்கும். ஒரு மழைக்கே தெருவில் நீர் நிற்கும் நம் நகருக்கு அது கூடுதல் துன்பம். மூடியுள்ள பிளாஸ்டிக் போத்தலில் நிரப்பி, இறுக மூடிக் குப்பையோடு கொடுத்துவிடுங்கள்.